கதவும் நீ அடிச்ச ஆணியும்

தம்பி,

நீ விமானக் கொம்பனி வேலைக்கு மொன்றியலுக்கு வெளிக்கிட்டு இண்டையோட ஒன்பது நாள். போய்ச் சேந்திட்டன், சாப்பிட்டிட்டன், வைக்கிறன் எண்டு மூண்டு வசனத்தோட ரெலிபோனை வைச்சிட்டாய். எனக்கும் அந்த நேரம் வாய் வரேல்லை. இது ரெலிபோனில கதைக்கிற கதையுமில்லை, அதாலதான் எழுதுறன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை எண்டு உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து லீவுக் கடிதம்கூடக் கொப்பர்தான் எழுதினவர். இஞ்சை வந்த புதுசில குசினி மேசையில இருத்தி, அழ அழ உனக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கினவள் நான். இண்டைக்கு அதுவே எனக்கு வினையா வருது. இதை நீ ஒரு எழுத்தும் விடாமல் வாசிப்பாய். வாசிக்கேக்கை கோபம் வரும், என்னைப் பேசவேணும் போல இருக்கும். பேசு. ஆனா கடைசி மட்டும் வாசிச்சுப்போட்டுப் பேசு.

பஸ் ஸ்ராண்டில உன்ர பெட்டியை இறக்கேக்கை நீ கொப்பருக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறாய். மனிசன் ரெண்டு நாள் அதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சுபோட்டு மூண்டாம் நாள்தான் எனக்குச் சொன்னவர். "அந்த ஆணிக்குப் பதிலா நான் ஒரு கொளுக்கி போட்டிருக்கவேணும் அப்பா. இல்லாட்டித் திறப்பைக் கயித்தில கட்டித் தொங்கவிட்டிருக்கவேணும். தவம் அண்ணை தடவேக்கை அது கீழ விழுந்திருக்காது. ஒவ்வொரு கதவைக் கீறேக்கையும் எனக்கு அதுதான் ஞாபகம் வருது" எண்டு சொன்னியாம். கொப்பர் உன்ர முதுகில தட்டிப்போட்டு வந்திட்டார். அவருக்கும் அப்ப உண்மை தெரியாது. உண்மை தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். மூண்டு வருசமா நல்லநாள் பெருநாளுக்கு நீ வந்து, குனிஞ்ச தலை நிமிராமல் சாப்பிட்டுப்போட்டு, பேஸ்மென்ற் படிப்பக்கம் திரும்பியும் பாக்காமல் போறதைப் பாத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவளும் நான்தான். அந்தப் பூட்டின்ர திறப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனா திறப்புக்கு முதல் குக்கரைச் சொல்லவேணும்.

எண்பத்தாறாம் ஆண்டு தையில அமெரிக்காக்காரன்ர விண்கலம் ஆகாயத்தில வெடிச்சதை எல்லாரும் ரி.வி.யில பாத்தனாங்கள். அதுக்குப் பிறகு உன்ர வாத்தியார் விண்வெளிப் பயணத்தைப் பற்றி ஏதாவது ஒண்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வகுப்பில எல்லாரும் அந்த வெடிப்பைப் பற்றி எழுத, நீ மட்டும் இருபது வருசத்துக்கு முந்தின ஒரு கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். உந்தப் பிடிவாதம் ஆரிட்டை இருந்து வந்ததெண்டு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை நான் அடுப்பில கடலை அவிய வைச்சுக்கொண்டு நிக்கிறன், நீ சீரியல் மட்டைப் பெட்டியளை வெட்டி ஒட்டி விண்கலக் கூம்பு செய்யிறன் எண்டு மேசை முழுக்கப் பசையாக்கிக்கொண்டு இருக்கிறாய். "கதவு எண்டாக் கதவுதானேடா, அதில எழுத என்ன கிடக்கு?" எண்டு கேட்டன். நீ அடுப்பிலை இருந்த குக்கரைக் காட்டினாய். கொழும்பில வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பழைய பிறஷர் குக்கர், அதின்ர மூடியை மேலால போடுறேல்லை, சரிச்சு உள்ளுக்கு விட்டு மேல இழுத்துக் கொளுவுறது. "அம்மா, உதை இப்ப திறவுங்கோ பாப்பம்" எண்டாய். "உனக்கென்ன விசரே? ஆவி அடங்காமல் ஆராலை உதைத் திறக்க ஏலும்? உள்ளுக்கிருந்து அமத்திக்கொண்டெல்லோ நிக்குது" எண்டன். "அதுதான் அம்மா. அந்தக் கதவையும் உப்பிடித்தான் செய்தவங்கள்" எண்டாய்.

பேந்து எனக்கு வெங்காயம் உரிச்சுத் தந்துகொண்டே முழுக் கதையும் சொன்னாய். முதல்ல ஒரு சின்னக் கலம், ஒருத்தன்தான் இருக்கலாம், மேல போய் வந்து கடல்ல விழும். அதின்ர கதவைச் சுத்தி வெடிமருந்து வைச்சிருந்தவங்கள், ஆபத்தெண்டா ஒரு பொத்தானை அமத்தினாக் கதவு பறந்துபோம், ஆள் உடனை வெளியில பாயலாம். ஒருக்கா ஒருத்தன் கடல்ல மிதந்துகொண்டு ஹெலிகொப்ரர் வருமட்டும் காத்துக்கொண்டிருக்கேக்கை கதவு வெடிச்சுப் பறந்திட்டுது. தண்ணி உள்ள வந்து கலம் கடலுக்கடியில தாண்டுபோச்சு. அவன் நீந்தித் தப்பினது அருந்தப்பு. பயத்தில அவனே பொத்தானைத் தட்டிப்போட்டான் எண்டு கனபேர் கதைச்சிருக்கினம். நான் தொடேல்லை, அது தானாத் திறந்தது எண்டு அவன் கடைசி மட்டும் சொன்னானாம். நான் சிரிச்சன். "ஓம் ஓம், தட்டினவன் எங்கையாவது தட்டினனான் எண்டு ஒப்புக்கொள்ளுவானோ?" எண்டன். நீ வெங்காயத்தை வைச்சுப்போட்டு என்னை ஒரு பார்வை பாத்தாய். "நீங்கள் அங்கை நிண்டு பாத்தனீங்களோ அம்மா?" எண்டு கேட்டாய். உன்ர கண்ணெல்லாம் தண்ணி, அது வெங்காயத் தண்ணி எண்டுதான் அண்டைக்கு நினைச்சன்.

பிறகு மூண்டு பேர் போற பெரிய கலம் செய்யேக்கை, தானாத் திறக்கிற கதவுக் கரைச்சலே வேண்டாம் எண்டு முடிவெடுத்திருக்கிறாங்கள். உள்பக்கமா இழுத்துத் திறக்கிற கதவு, உள்ள இருக்கிற காத்தே அதை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும், ஆகாயத்தில ஒரு பொட்டுக் காத்தும் வெளியில போகாது. அதுக்கு மேல வேறையும் மூடியள். உள்மூடியை எடுக்க ஒரு கருவியால பூட்டுகளைக் கழட்டவேணும், எல்லாம் சரியா நடந்தாலும் ஒண்டரை நிமிசமாவது வேணும். ஒருநாள் நிலத்திலை வைச்சு ஒத்திகை பாத்திருக்கிறாங்கள். ரொக்கெற்றில எண்ணெய் இல்லை, அதாலை இது ஆபத்தில்லாத வேலை எண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டு நிண்டிருக்கினம். கலத்துக்குள்ளை முழுக்க ஒட்சிசன், வெளியில இருக்கிறதைவிடக் கூட அமுக்கம். எங்கையோ ஒரு வயரில பொறி பறந்திருக்கவேணும் எண்டாய். நெருப்புப் பத்தின உடனை உள்ள அமுக்கம் ஏறி, மூண்டு பேர் இல்லை முப்பது பேர் பிடிச்சு இழுத்தாலும் வராத கதவாப் போச்சு. வெளியில நிண்டவங்கள் திறந்து பாக்கேக்கை எல்லாம் முடிஞ்சுது. அந்த மூண்டு பேரில ஒருத்தன், கதவு தானாத் திறந்ததெண்டு சொல்லி ஒருத்தரும் நம்பாத அதே ஆள். அதைச் சொல்லேக்கை நீ குக்கரைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தாய். அதுக்குப் பிறகுதான் வெளிப்பக்கம் திறக்கிற, ஒரு கைபிடியை ஆட்டினாச் சில செக்கனில திறக்கிற கதவு செய்தவங்களாம்.

எனக்கு இதெல்லாம் அண்டைக்கே வடிவா விளங்கினது, தம்பி. பிறகு நடந்ததுக்கு, நான் படிக்காதவள், எனக்குத் தெரியாது எண்டு சொல்லித் தப்ப ஏலாது. எனக்குத் தெரியும். நீ சொல்லித் தந்தனீ.

தவத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனா எழுதாமல் இருக்கவும் மனம் வரேல்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பொடியன், அகதியா வந்து எங்கட வெக்ஸ்போர்ட் வீட்டுப் பேஸ்மென்றில வாடகைக்கு இருந்தவன். மனிசியும் நாலு வயசுப் பெட்டைப் பிள்ளையும் ஊரில. இரவில ஒஃபிஸ் கந்தோருகள் துடைக்கிற வேலை, விடிய வந்து சாப்பிட்டுப்போட்டுப் பகலில படுக்கிறவன். பக்கவாட்டுக் கதவடியில ஒரு மின்சார அடுப்பை வைச்சுக் கருவாடு பொரிப்பான், புகை போகக் கதவை நீக்கி வைப்பான். நீ உன்ர கூம்பைக் கொண்டுபோய் அவனுக்கு முன்னால ஒத்திகை பாப்பாய். "இந்தக் கதவச் செஞ்சவன ஒரு தரம் உள்ளுக்கு வெச்சுப் பூட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்கும் தம்பி" எண்டு அவன் சொன்னதை நீ உன்ர கட்டுரையிலேயே எழுதி, வாத்தியாரிட்டைப் புள்ளியும் வாங்கினாய். நான் அவனை வேறை ஆளாப் பாக்கேல்லை, என்ர கூடப்பிறந்தவன் மாதிரித்தான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். அதையும் இஞ்சை எழுதிவைக்கிறன், நான் எப்பிடிப்பட்டவள் எண்டு தெரியட்டும்.

அந்த வருசம் ஆனி மாதம் சிற்றி இன்ஸ்பெக்ரர் வந்தது உனக்கு நினைவிருக்கும். பேஸ்மென்றில ஆள் இருக்கெண்டு பக்கத்து வீட்டுக் கிழவி அறிவிச்சுப்போட்டாள். நான் முன்கதவிலை நிண்டு, "பேஸ்மென்றில ஒருத்தரும் இல்லை, எல்லாம் சாமான்தான்" எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுறன். அவன் தலையாட்டிப்போட்டு வீட்டைச் சுத்தி நடந்தான். பக்கக் கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது, சாமான் சாரத்தோட குறட்டை விட்டுக்கொண்டு கிடக்குது. எனக்குப் பூமி பிளக்காதோ எண்டு இருந்தது. அவன் எழுதித் தந்த பேப்பரில, ஆக்களை வைச்சிருக்கிறதெண்டா வெளியில வர ரெண்டு வழி வேணும், யன்னல் பெரிசா வேணும், இல்லாட்டி ஆளை எழுப்பு எண்டு இருந்தது. நீதான் எனக்கு அதை வாசிச்சுக் காட்டினனீ. பேஸ்மென்ற் வாடகை இல்லாமல் அந்த வீட்டை வைச்சிருக்க எங்களுக்கு ஏலாது. நாங்கள் என்ன செய்தம்? ஆள் போட்டுது எண்டு சொன்னம். சொல்லிப்போட்டு, இருந்த ரெண்டு வழியில ஒண்டை அடைச்சம்.

இன்ஸ்பெக்ரர் போன பிறகு தவத்தை எழுப்பி வைச்சு நான் பேசின பேச்சை நீ படியிலை நிண்டு கேட்டனீ. கதவைப் பூட்டத் தெரியாத மூதேசி எண்டன். "நான் திறக்கல்ல அக்கா. பூட்டிப்போட்டுத்தான் படுத்தன். அது தானாத் திறந்திருக்கு" எண்டு அவன் சொன்னான். "ஓ, கதவுக்குக் கால் முளைச்சதாக்கும்! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு" எண்டன். பின்னேரம் எனக்கு ரெண்டு தோடம்பழம் கொண்டுவந்து மேசையில வைச்சுப்போட்டுப் போனான். பிழை செய்தவன்தானே சமாதானத்துக்கு ஏதும் கொண்டுவருவான் எண்டு நினைச்சுக்கொண்டு அதை உரிச்சுச் சாப்பிட்டன்.

ஆவணியில, நீ ஒட்டாவாவுக்குப் படிக்கப் போறதுக்கு முதல் கிழமை, நான் அந்த லொக்கை வாங்கிக்கொண்டு வந்தன். ரெண்டு பக்கமும் திறப்புப் போட்டால்தான் திறக்கும். இனி உள்ளுக்கிருந்தும் ஒருத்தரும் கேட்டுக் கேள்வி இல்லாமல் கதவைத் திறக்க ஏலாது எண்டு எனக்குப் பெரிய ஆறுதல். கொப்பர் வேலைக்குப் போட்டார், உன்னைத்தான் கதவில பொருத்தச் சொன்னன். நீ ஸ்குறூவைக் கையிலை வைச்சுக்கொண்டு, "அம்மா, இதைப் போடக்கூடாது. நெருப்புக் கிருப்புப் பத்தினா அவர் என்னெண்டு வெளியில வாறது? குக்கர் கதை மறந்துபோச்சே?" எண்டாய். "விளக்கு வைக்கிற நேரத்தில உந்த அபசகுனக் கதையை வீட்டுக்குள்ளை கதையாதை. சொல்லுறதைச் செய்" எண்டு என்ர வாயிலை அடிச்சுக்கொண்டு நான் கத்தினன். கெட்டதை வாயால சொன்னா அது நடந்துபோம் எண்டுதானே எங்களை வளத்தவை. நடக்கக்கூடியதைக் கதைக்க விடாமல் வாயை அடைச்சுப்போட்டு, நடக்காது எண்டு நம்பிக்கொண்டு இருக்கிற சாதி நாங்கள். அந்த லொக்கைப் பூட்ட வைச்சது நான். உன்ர கை வெறும் கைதான். இது என்ர முதலாவது பிழை.

நீ பூட்டினாய், ஆனா நீ என்னை மாதிரி இல்லை. லொக்கோட வந்த ரெண்டு திறப்பில ஒண்டு என்னட்டை, மற்றதை உள்ளுக்குத் தொங்கவிடவேணும், இல்லாட்டி நான் பூட்டைக் கழட்டுவன் எண்டு நிண்டாய். இருட்டிலையும் கைக்கு எட்ட எங்கை தொங்கவிடுறது எண்டு பாக்க, தவத்தின்ர கண்ணைத் துவாயால கட்டிக் கட்டிலிலை படுக்க வைச்சாய். "எழும்பி வாங்கோ அண்ணை, கதவுக்கு வாங்கோ" எண்டாய். அவன் சிரிச்சுச் சிரிச்சு, கதிரையிலை இடிபட்டு, ஏழு அடி வைச்சு வந்து சுவரிலை கையை வைச்சான். அந்தக் கை வைச்ச இடத்திலை பென்சிலாலை புள்ளி போட்டாய். நாலைஞ்சு தரம் செய்விச்சுப் பாத்தாய், கை அந்த இடத்துக்கேதான் வந்தது. அதிலை ஆணியை அடிச்சுத் திறப்பைக் கொளுவினாய். நான் மேல படியிலை நிண்டு, ரெண்டு பேருக்கும் விசர் எண்டு சொல்லிச் சிரிச்சன். அதுதான் அந்தப் பேஸ்மென்றில நான் கடைசியாச் சிரிச்சது.

இனிச் சொல்லுறதுதான் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. நீ போய் ஆறு கிழமையால, ஒரு நாள் நான் வேலையால வர, பக்கக் கதவு நீங்கிக் கிடந்தது, கருவாட்டுப் புகை தெருவுக்குப் போகுது, கிழவி தன்ர யன்னலிலை நிக்கிறாள். எனக்குச் சன்னதம் வந்தமாதிரி வந்தது. இறங்கிப் போய்க் கதவைப் பூட்டிப்போட்டு, ஆணியிலை இருந்த திறப்பை எடுத்து என்ர கைப்பைக்குள்ளை போட்டன். அடுப்பைக் கதவடியிலை இருந்து தூக்கிப் படிக்குக் கீழ வைச்சன், மணம் வெளியில போகக்கூடாதெண்டு. இனி மேல் குசினிக்குள்ளாலதான் போய் வரவேணும் எண்டன். தவம் அந்த வெறும் ஆணியைப் பாத்தான். "அக்கா, ஆத்திர அவசரத்துக்கு ஒண்டு கிடக்கட்டுமே" எண்டான், அதுவும் மெதுவாத்தான். "அப்பிடியென்ன ஆத்திர அவசரம் உனக்கு? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" எண்டு அவனுக்கும் சொன்னன். அவன் பிறகு கேட்கேல்லை. அவன்ர அகதி வழக்கு முடியேல்லை, வேறை வீடு தேடிப் போக அவனுக்குப் பயம். அது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அவனை அப்பிடி வைச்சிருந்தன்.

மார்கழி ரெண்டாம் கிழமை, காலமை பத்தரை மணி இருக்கும். நான் ஃபக்ரறியிலை கோட்டுக்குச் சிப் வைச்சுத் தைச்சுக்கொண்டிருக்க, சுப்பர்வைசர் வந்து, உன்ர வீட்டடியிலை நெருப்பாம், போ எண்டாள். பஸ்ஸிலை வரேக்கை கைப்பை என்ர மடியிலை இருக்குது. அதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு எனக்கு விக்ரோறியா பார்க் கடந்த பிறகுதான் நினைவு வந்தது. பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரி என்னைப் பிடிச்சு, சுகமில்லையோ எண்டு கேட்டவள். நான் போய்ச் சேரேக்கை பக்கக் கதவைக் கோடாலியாலை பிளந்து போட்டுக் கிடந்தது. அடுப்பிலை தொடங்கின நெருப்புப் படியைப் பிடிச்சிருக்கு, அவனுக்கு மேல வர வழியில்லை. யன்னலைக் குளிருக்கு நாங்களே பிளாஸ்ரிக் அடிச்சு மூடியிருந்தம், திறந்தாலும் ஒரு பிள்ளைதான் அதுக்குள்ளாலை வரலாம். அவனைக் கதவுக்கு உள்பக்கத்திலை, கதவோட முட்டினபடி கண்டெடுத்தவையாம். நெருப்பு அவனைத் தொடேல்லை, புகைதான். விண்கலக் கதவை அமத்திப் பிடிக்க அவ்வளவு அமுக்கம் வேண்டிக் கிடந்தது. எங்கட கதவுக்கு என்ர கைப்பை போதும்.

அடுத்த நாள் ஒரு ஒஃபிசர் வந்து எல்லாம் பாப்பார் எண்டு சொல்லிப்போட்டுத் தீயணைப்புக்காரர் போட்டினம். அண்டைப் பின்னேரமே கொப்பர் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் நான் தனியக் கீழ இறங்கினன். கைப்பையிலை இருந்த திறப்பை எடுத்தன். கழுவித் துடைச்ச சாமான் மாதிரி மினுங்கிச்சுது. அதை ஈரச் சாம்பலுக்குள்ளை போட்டு உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சினன். உரஞ்சிப்போட்டு ஆணிக்கு நேர கீழ, நிலத்திலை வைச்சன். ஒஃபிசர் வந்து அதை எடுத்துப் பாத்தார். திறப்பு ஆணியிலதான் இருந்தது, தடவேக்கை விழுந்திருக்குமாக்கும் எண்டு நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை சொன்னன். அவர் எழுதிக்கொண்டு போட்டார். நீ ஒட்டாவாவிலை இருந்து எடுத்து, "அம்மா, திறப்பு? ஆணியிலை திறப்பு இருந்ததெல்லோ?" எண்டுதான் முதல் கேட்டனீ. ஓம் தம்பி, விழுந்துபோச்சாம் எண்டன். உன்ர சத்தம் அதோட நிண்டுது. அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடு போயிடும், பொலிஸ் பிடிச்சு மறியலில அடைச்சுப்போடும் எண்டு பயந்து, பெத்த பிள்ளையின்ர தலையிலை அந்தப் பழியைத் தூக்கி வைச்சன். தவத்தின்ர மனிசிக்கும் அதையேதான் எழுதுவிச்சன். "அவர் எதையும் கை நழுவ விடுற ஆளில்லையே அக்கா, எப்பிடி விழுத்தினவர்?" எண்டு அவள் பதில் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிறன்.

இன்னுமொண்டு. போன சித்திரையிலை கொப்பர் பின்வளவு ஷெட்டுக்குக் கதவு போட, பழைய ஆணிப் பேணியைக் கிண்டி, பக்கக் கதவிலை இருந்து நீ கழட்டின பழைய பூட்டை எடுத்துப் பொருத்தினார். நான் அதைச் சாத்திப்போட்டு உடுப்புக் காயப்போடத் திரும்பினன். பின்னாலை டக்கெண்டு ஒரு சத்தம், கதவு திறந்து கிடக்குது. திருப்பிச் சாத்தினன், காத்துக்குத் திரும்பவும் திறந்தது. மூண்டாந்தரம் திறப்பைப் போட்டுப் பூட்டிப்போட்டே முன்னாலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒரு கையும் படாமல் அது திறந்தது. "நாக்குத் தேஞ்சுபோச்சு, பூட்டின மாதிரிக் காட்டும், பூட்டாது" எண்டு கொப்பர் சொன்னார். நான் ஈர உடுப்போட புல்லிலை இருந்திட்டன். அவன் சொன்னது உண்மை, தம்பி. கதவு தானாத் திறந்திருக்கு. அவனை நான் ரெண்டு தரம் பொய்யனாக்கினன், உயிரோட இருக்கேக்கை ஒண்டு, செத்த பிறகு ஒண்டு.

நீ இனி விமானத்துக்குக் கதவு கீறப்போறாய். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி கிடக்கு, ஆனாத் தாய் எண்டு ஒண்டு இருக்கிறபடியாச் சொல்லுறன். போன முறை நடந்த பிழைக்குப் பயந்து மட்டும் கதவு செய்யாதை. அந்த இன்ஸ்பெக்ரருக்குப் பயந்து நான் போட்ட பூட்டு அப்பிடித்தான் வந்தது. உன்ர பெரியவன் ஆராவது, கதையாதை, சொல்லுறதைச் செய் எண்டு சொன்னா, அண்டைக்கு எனக்கு அடங்கின மாதிரி அடங்காதை. அந்த வேலையை விட்டுப்போட்டு வீட்டை வந்தாலும் பரவாயில்லை, சோறு நான் போடுறன். ஒருத்தன் நான் தொடேல்லை எண்டு சொன்னா, முதல் பூட்டைப் போய்ப் பார்.

முந்தநாள் பின்னேரம் கொப்பருக்கு எல்லாம் சொன்னன். மனிசன் போய்க் காருக்குள்ளை ஒரு மணித்தியாலம் இருந்தார், கார் ஸ்ராட் பண்ணேல்லை, சும்மா இருந்தார். வந்து, "திங்கட்கிழமை நானும் வாறன்" எண்டார். அந்த ஒஃபிசரின்ர கந்தோருக்குப் போறம். மறியலெண்டா மறியல், வீடு போனாப் போகட்டும். தவத்தின்ர மனிசிக்கு உண்மையை என்ர கையாலை எழுதிப்போட்டன், உனக்கு எழுதின இந்தக் கடிதத்தோட ஒண்டாத்தான் தபாலிலை போடுறன். அவள் என்னை மண் அள்ளித் திட்டுவாள், திட்டட்டும். நீ என்னை மன்னிக்கவேணும் எண்டு நான் கேட்கேல்லை. வாறதும் விடுறதும் உன்ர விருப்பம். நீ உன்ர கையை மன்னிக்கவேணும், அதுக்குத்தான் இவ்வளவும் எழுதினது.

நெருப்புப் பத்தின அண்டைக்குப் பின்னேரம் நான் கீழ இறங்கினது திறப்பு வைக்க மட்டுமில்லை. சுவர் முழுக்கக் கரி, கறுத்த துணி போத்த மாதிரி. நான் ரோச் அடிச்சுப் பாத்தன். கட்டில் பக்கமிருந்து கதவு மட்டும் சுவரிலை ஒரு கைத் தடமும் இல்லை, அவன் எங்கையும் தடவித் திரியேல்லை. உன்ர ஆணி இருந்த இடத்திலை மட்டும் கரி அழிஞ்சு கிடந்தது. அஞ்சு விரலும் தெளிவா, ஒண்டுக்கு மேல ஒண்டா, எத்தினை தரமெண்டு எண்ண ஏலாது, ஆணியைச் சுத்திச் சுத்தி. ஒஃபிசர் காணக்கூடாதெண்டு நான் அதை ஈரத் துணியாலை துடைச்சன். துடைச்ச துணி இன்னும் என்ர கையிலை இருக்கிற மாதிரித்தான் இருக்குது. தம்பி, கேள். அந்த இருட்டுக்கையும் புகைக்கையும் அவன் நேர ஏழு அடி வைச்சு அங்கைதான் வந்திருக்கிறான். நீ ஆணி அடிச்ச இடம் சரி.

அம்மா